அணை

எமரால்டு அணையில்
காலை ஆறு மணிக்கு மட்டம் படிக்கிறவள் நான்.
சிமெண்டுத் தூணில் கறுப்பு எண்கள்.
பனிமூட்டம் விலகும்வரை
டார்ச் அடித்தால்தான் தெரியும்.
தேதி, நேரம், மட்டம், மழை.
ஐந்தாவது கட்டத்தின் பெயர் குறிப்பு.
ஒன்பது வருஷமாய் அதில் ஒரு கோடு மட்டும் இழுக்கிறேன்.

திடீரென்று பெய்த மாசி மழையில்
கரைப் புல் மூழ்கியிருந்தது.
கெண்டைகள் அதற்குள் வந்தன.
கணுக்கால் தண்ணீரில் முதுகு வெளியே தெரிய
ஒரு பெண்ணை மூன்று ஆண்கள் தள்ளிக்கொண்டு.
ஈரப் போர்வையைக் கல்லில் அடிக்கிற சத்தம்.
போஜன் பரிசலை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.
வலையை எடுக்கவில்லை.
"இப்ப கையாலேயே பிடிக்கலாம்" என்றார்,
பிடிக்கவில்லை.

மறுநாள் புல்லெல்லாம் முட்டை.
கடுகளவு. ஆனால் கண்ணாடி.
நாலாம் நாள் ஒவ்வொன்றுக்குள்ளும்
இரண்டு கறுப்புப் புள்ளிகள்.
கண்.
கூசுமோ என்று டார்ச்சைத் திருப்பிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் தண்ணீர்
ஒரு முழம் இறங்கிப் போயிருந்தது.
புல் நிமிர்ந்து வெயிலில் நின்றது, முட்டைகளோடு.
ஒரு மைனா
அவசரமில்லாத ஆள் கடலை தின்பதுபோல்
தின்றுகொண்டிருந்தது.

குந்தா பவர்ஹவுஸுக்குப் போன் போட்டேன்.
இருதயராஜ் அண்ணன் ஷிப்ட்.
"ரெண்டு நாள் மெஷினைக் குறைக்க முடியுமா?"
"யார் சொன்னது?"
"யாரும் சொல்லலை. கரையில் மீன் முட்டை..."
அவர் சிரிக்கவில்லை.
சிரித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன்.
"கீழே பத்தாவது பரீட்சை, தவமணி.
ராத்திரி கரண்டு போகக் கூடாதுன்னு மேலேயிருந்து உத்தரவு.
உன் பொண்ணும் எழுதுறாதானே?"

எழுதுகிறாள்.
மேட்டுப்பாளையம் விடுதியில்
எட்டுப் பேருக்கு ஒரு ட்யூப்லைட்.
இந்தத் தண்ணீர்தான் குழாயில் விழுந்து
சக்கரம் சுற்றிக் கம்பியேறிப் போய்
அவள் புத்தகத்தின் மேல் வெள்ளையாய் விழுகிறது.
இரண்டையும் தனித்தனியாய்த் தெரியும் எனக்கு.
சேர்த்து வைத்துப் பார்த்ததில்லை.

சோற்று டப்பாவைக் காலி செய்து
புல்லை வேரோடு பிடுங்கி அள்ளினேன்.
சேற்றில் இறங்கி, தண்ணீருக்குள் வைத்து,
மிதக்காமலிருக்கக் கல்லை ஏற்றினேன்.
நாற்பது நடை. அப்புறம் எண்ணவில்லை.
போஜன் ஒன்றும் கேட்காமல்
பெயிண்ட் வாளியோடு வந்தார்.
"நாளைக்கும் இறங்குமே?"
"இறங்கும்."
"அப்ப இன்னும் ஆழத்துல வெச்சிரலாம்."

மேட்டில் விட்டுப்போனவை
வெளுத்துவிட்டிருந்தன.
மிதித்தால் நொறுங்கும் என்று நினைத்திருந்தேன்.
சத்தமே இல்லை.

இரவு நிரோஷினி பேசினாள். சொன்னேன்.
"அது வெளிக்கருவுறுதல்மா. ரெண்டு மார்க்.
ஆயிரக்கணக்கில் முட்டையிடுவது ஏன், காரணம் கூறுக."
"என்ன காரணம்?"
"பெரும்பாலானவை பிழைப்பதில்லை."
ஒப்பித்தாள். பக்கம் புரளும் சத்தம்.
பிறகு, மெதுவாக,
"எத்தனைம்மா பிழைக்கும், அங்க?"
பாடத்தில் இருக்காதுபோல.
தெரியலை என்றேன்.
லைட்டை அணைச்சிட்டுத் தூங்கு என்றேன்.
"மணி ஒன்பதுதான்மா ஆகுது. நாளைக்குச் சயின்ஸ்."
"அணை" என்றேன்.
அவள் அணைக்கவில்லை என்று இங்கிருந்தே தெரிந்தது.
நானும் திரும்பச் சொல்லவில்லை.

காலையில் இன்னும் நாலு விரல் குறைவு.
கல்லுக்கடியில் புல் ஈரமாய்த்தான் இருந்தது.
பதிவேட்டில் கோடு இழுக்கப் போன பேனா நின்றது.
கட்டமோ சின்னது.
முட்டை என்று மட்டும் எழுதினேன்.

மத்தியானம் ஜீப்பில் வந்த ஓவர்சியர்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.
"மழை முட்டைன்னா
மழைக் கட்டத்துலதானம்மா போடணும்?"